தாலி கட்டிற இடத்திலை நிண்ட படம்

மானிப்பாயிலை ஆஸ்பத்திரிக்குப் போற றோட்டிலை, ஒரு பேக்கரிக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவிலை ஒரு கறுப்புக் கண்ணாடிக் கதவு இருந்தது. உள்ளை ஏசி. ஏசிக்குக் கீழை ரெண்டு கொம்பியூட்டர். அதுகளுக்கு முன்னாலை சிவரூபன். 2013ஆம் ஆண்டு வலிகாமத்திலை நடந்த கலியாணங்களிலை பாதி தன்ரை கதவுக்குள்ளாலை நுழைஞ்சுதான் வெளிநாட்டுக்குப் போனது எண்டு அவன் சொல்லுவான். கொஞ்சம் கூட்டித்தான் சொல்லுவான், அவன்ரை வாய் அப்பிடி. ஆனா முழுப் பொய்யெண்டு தள்ளவும் ஏலாது.

அவன் கமராவைத் தொடுறதில்லை. எடுக்கிறது வேறை ஆக்கள். எடுத்ததை வெட்டி ஒட்டி, பாட்டுப் போட்டு, கடைசியிலை டிவிடியாக்கிக் குடுக்கிறதுதான் அவன்ரை தொழில். "தம்பி, கெதியா ஒரு டிவிடி அடிச்சுத் தாரும்" எண்டு ஆரும் வந்து கேட்டால் அவனுக்குப் பத்திக்கொண்டு வரும். "அடிச்சுத் தாறதுக்கு இதென்ன கொத்துறொட்டியோ?" எண்டு கேப்பான். வந்த சனம் சிரிக்கும். அவன் சிரிக்கமாட்டான்.

ஏனெண்டால் அந்த வேலையிலை ஒரு சூட்சுமம் இருக்கு. அது இந்தக் குடாநாட்டிலை தனக்கு மட்டும்தான் தெரியும் எண்டு அவன் நினைச்சிருந்தான். சொல்லுறன், கேளுங்கோ, பெரிய வித்தை ஒண்டுமில்லை. ஒரு டிவிடிக்குள்ளை கொள்ளிற அளவு கொஞ்சம்தான். மூண்டு மணித்தியாலக் கலியாணத்தை அதுக்குள்ளை அடக்க வேணுமெண்டால் படத்தை நசிக்க வேணும். ஒரு செக்கன் படத்துக்கு எவ்வளவு இடம் குடுக்கிறது எண்டதுக்குப் பேர் பிட்ரேட். அதைக் குடுக்க ரெண்டு வழி. ஒண்டு சி.பி.ஆர். எல்லாச் செக்கனுக்கும் ஒரே அளவு. பந்தியிலை இருக்கிற எல்லாருக்கும் ஒரே அகப்பை சோறு. தின்னுறவனுக்கும் அதுதான், அளையிறவனுக்கும் அதுதான். மற்றது வி.பி.ஆர். அதிலை கொம்பியூட்டர் முதல் ஒருக்கா முழுப் படத்தையும் பாத்து, ஆருக்குப் பசி கூட எண்டு அறிஞ்சு, பிறகு பரிமாறும். ஐயர் இருந்த இடத்திலை இருந்து மந்திரம் சொல்லுற இடத்துக்குச் சொட்டு. ஆக்கள் ஆடி ஓடித் திரியிற இடத்துக்கு அள்ளி அள்ளி.

மூளையுள்ளவன் செய்யிறது வி.பி.ஆர், மற்றது சோம்பேறியின்ரை வேலை எண்டது சிவரூபன்ரை கட்சி. மீன்பிடிகாரர் இருக்கிற குருநகரிலை றோய் எண்டு ஒருத்தன் இதே தொழில் செய்தான். ரெண்டு பேரும் ஒண்டாப் படிச்ச ஆக்கள், நல்ல சிநேகிதம். றோய் எல்லாத்தையும் சி.பி.ஆரிலைதான் போடுவான். நீளம் கூடினால் ரெண்டு டிவிடித் தட்டு. "படம் நிக்காமல் ஓடினால் காணும் மச்சான்" எண்டுவான். "நீ பாரை மீன் வெட்டிற மாதிரிக் கலியாணத்தை ரெண்டாய் வெட்டுறாய்" எண்டு சிவரூபன் நக்கலடிப்பான். அதைப் பகிடியெண்டு றோய் எடுத்துக்கொண்டான். முழுக்கப் பகிடியில்லை எண்டும் அவனுக்குத் தெரியும்.

சிவரூபன் பொஞ்சாதி, மகளோடை வேறை வீட்டிலை இருந்தவன். அவனுக்கு ஒரே ஒரு தங்கச்சி. உதயகலா. கோப்பாயிலை முன்பள்ளி ரீச்சர். தகப்பன் இல்லாத வீடு. சண்டையாலை யாழ்ப்பாணமே எழும்பிப் போன தொண்ணூற்றஞ்சு இடப்பெயர்விலை அவளுக்குப் பதின்மூண்டு வயசு. சைக்கிள் கரியரிலை அவளை இருத்தி, மழையிலை சாவகச்சேரி மட்டும் உருட்டிக்கொண்டு போனவன் இவன்தான். தாய் பூரணம் பின்னாலை நடந்து வந்தா. அண்டையிலையிருந்து தங்கச்சி எண்டால் அவனுக்கு உயிர். இதை நான் இப்பவே சொல்லி வைக்கிறன். இல்லாட்டிப் பிறகு நீங்கள் அவனைத் திட்டுவியள். திட்டத்தான் வேணும், ஆனா தெரிஞ்சுகொண்டு திட்டுங்கோ.

அவளுக்குச் சாதகத்திலை செவ்வாய்க் குற்றம். எட்டு வருசம் பேச்சு வந்து வந்து முறிஞ்சது. முப்பத்தொரு வயசிலைதான் நிருஷன்ரை சாதகம் பொருந்தினது. அவன் ஐரோப்பாவிலை ஒரு நாட்டிலை இருந்தான். நாட்டின்ரை பேர் வேண்டாம், அங்கையிருந்து ஆரும் வாசிச்சால் எனக்கேன் கரைச்சல். அவளிலும் ரெண்டு வயசு இளமை. மூண்டு கிழமை லீவிலை வந்தான், ஆவணியிலை கலியாணம் முடிஞ்சுது, திரும்பப் போனான். நல்ல பெடியன். போற அண்டைக்கு எயார்போட்டிலை அழுதவன்.

இனி அவள் போய்ச் சேர வேணும். அதுக்குத் தூதரகம் நம்ப வேணும், இது மெய்க் கலியாணம்தான் எண்டு. எங்கடை சனம் சும்மா இருக்கிறதே? விசாவுக்காகப் பொய்க் கலியாணம் செய்து, அல்பம் அடிச்சு, ஐயரையும் பிடிச்சுக் காட்டின ஆக்கள் எத்தினை பேர். அதாலை உண்மையாக் கட்டினவளும் நிரூபிக்க வேண்டிக் கிடக்கு. விசாக் கடதாசி நிரப்பிற மனிசன் ஒருத்தர் யாழ்ப்பாண ரவுணிலை இருந்தார். அவர் சொன்னார்: "கலியாண வீடியோ கட்டாயம். தாலிக்குப் பொன்னுருக்கினதிலையிருந்து கடைசி மட்டும் ஒரே தட்டிலை, ஒரு இடமும் வெட்டாமல். தாலி கட்டிறதைத்தான் அவை முதல் பாப்பினம்."

சிவரூபன் மூண்டு நாள் மற்ற வேலை எல்லாத்தையும் ஒதுக்கிப்போட்டு இருந்தான். மற்றக் கலியாணங்களிலை தாலி கட்டேக்கை வானத்திலையிருந்து ரோசாப்பூக் கொட்டும், ரெண்டு இதயம் பறந்து வந்து ஒட்டும், எல்லாக் கண்றாவியும் அவன்தான் போடுறவன். தங்கச்சியின்ரை படத்திலை ஒண்டும் போடேல்லை. உள்ளதை உள்ளபடி விட்டான். மூண்டு மணித்தியாலம் ஒரே தட்டிலை எண்டபடியால் வி.பி.ஆர். அதிலை ஆகக் கூடினது எவ்வளவு எண்டு ஒரு எல்லை குடுக்க வேணும். டிவிடி தாங்கிற கடைசி எல்லை மட்டும் கொண்டுபோய் வைச்சான், செக்கனுக்கு ஒன்பதரை மெகாபிட்.

அந்த நேரம் பாத்து றோய் வந்தான். ஏதோ வயர் இரவல் வாங்க வந்தவன் திரையைப் பாத்தான்.

"மச்சான், உச்சத்தை எட்டுக்குக் கீழை இறக்கு. நாங்கள் எழுதிற தட்டு கடையிலை விக்கிற சினிமாத் தட்டு மாதிரியில்லை, பழைய பிளேயருகள் இழுபடும். இல்லாட்டி சி.பி.ஆரிலை ரெண்டு தட்டாப் போடன்."

"ரெண்டு தட்டெண்டால் எங்கை வெட்டினது, ஏன் வெட்டினது எண்டு கேப்பாங்கள்."

"அப்ப உச்சத்தையாவது இறக்கு. எந்தப் பெட்டியிலை போடுவாங்களெண்டு உனக்குத் தெரியுமே?"

"என்ரை தங்கச்சியின்ரை தாலிக்கு நான் பிசினித்தனம் பாக்கமாட்டன்" எண்டான் சிவரூபன். றோய் வயரை வாங்கிக்கொண்டு போட்டான்.

தாலி கட்டிற அந்த நிமிசத்தை நினைச்சுப் பாருங்கோ. கெட்டிமேளம் முழங்குது. சபை முழுக்க எழும்பி அறுகரிசியும் பூவும் எறியுது. ஓமப் புகை சுழலுது. நாலு பக்கத்தாலையும் கமரா பளிச்சுப் பளிச்செண்டு மின்னுது. கொம்பியூட்டருக்கு ஒவ்வொரு அரிசியும் ஒரு அசைவு, ஒவ்வொரு மின்னலும் புதுப் படம். மூண்டு மணித்தியாலத்திலை ஆகப் பெரிய பசி அங்கைதான். அள்ளிப் போட்டுது, எல்லை மட்டும். நல்ல பிளேயர் விழுங்கும். பழசு புரையேறின மாதிரிப் பிரக்கடிச்சு நிண்டிடும். கடையிலை இருந்தது நல்லது. சிவரூபன் அதிலை போட்டுப் பாத்தான். ஒரு அரிசி விடாமல் எண்ணலாம் போலை இருந்துது. அவனுக்குக் கண் கலங்கிப்போச்சு.

நாலு நாள் கழிச்சு உதயகலா பள்ளி முடிஞ்சு நேரை கடைக்கு வந்தாள்.

"அண்ணை, டிவிடியைப் பக்கத்து வீட்டு மகாதேவி அக்காவின்ரை பிளேயரிலை போட்டுப் பாத்தனாங்கள். தாலி கட்டப் போகேக்கை படம் கட்டம் கட்டமாகி நிக்குது. பிறகு ஓடேக்கை தாலி கழுத்திலை கிடக்குது. கட்டினதைக் காணேல்லை."

"மகாதேவி அக்காவின்ரையோ? அது பிளேயரே, சட்டி! அதுக்குள்ளை எதைப் போட்டாலும் நிக்கும்."

"மற்ற இடமெல்லாம் வடிவா ஓடுது. ரெண்டு தரம் போட்டம், அதே இடத்திலைதான்."

அவன் விளங்கப்படுத்தத் தொடங்கினான். வி.பி.ஆர், உச்சம், சராசரி எண்டு கால் மணித்தியாலம். அவள் கேட்டுக்கொண்டு நிண்டாள். கடைசியிலை மெல்லமாச் சொன்னாள்:

"தூதரகத்திலை என்ன பிளேயர் இருக்குதெண்டு எங்களுக்குத் தெரியாதுதானே அண்ணை. றோய் அண்ணையும் ஏதோ சொன்னவராம்."

அந்தப் பேரைச் சொன்னதுதான் பிழைச்சுது. கடையிலை அந்த நேரம் ரெண்டு வாடிக்கையாளர் வேறை. "நீ போய்ப் பிள்ளையளுக்கு அ, ஆ படிப்பி. எனக்கு உது படிப்பிக்க வராதை" எண்டான், எல்லாருக்கும் கேக்க. அவளுக்கு முகம் சிவந்து போச்சு. குடையை எடுத்துக்கொண்டு போனாள். அட விசரா, ரெண்டு மணித்தியால வேலையடா! எல்லையை இறக்கித் திரும்ப ஒருக்கா ஓடவிட்டிருந்தால் கதை இதோடை முடிஞ்சிருக்கும். சொல்லேக்கையே எனக்கு வயிறு எரியுது.

தை மாதம் கொழும்பிலை தூதரகத்திலை நேர்முகம், அதே தட்டைத்தான் குடுத்தாள். சிவரூபன் கூடப் போனான், வெயிலுக்குள்ளை வாசலிலை நிண்டான். ரெண்டு மணித்தியாலம் கழிச்சு வெளியிலை வந்தாள்.

"என்ன மாதிரி?"

"கேட்டினம், சொன்னன். பாப்பம் அண்ணை" எண்டாள். பஸ்ஸிலை முழுக்க நித்திரை கொள்ளுற மாதிரிக் கண்ணை மூடிக்கொண்டு வந்தாள்.

ரெண்டு மாசத்தாலை கடிதம் வந்துது, இல்லையெண்டு. அவன் வீட்டை போகேக்கை உறை ஏற்கெனவே பிரிச்சுக் கிடந்தது. பூரணத்துக்கு இங்கிலீசு தெரியாது. "வாசிச்சுச் சொல்லு மோனை" எண்டா. அவன் வாசிச்சான். முதலாவது காரணம், ரெண்டு பேரும் பழகினது மூண்டு கிழமைதான். ரெண்டாவது, பெண்ணுக்கு வயசு கூட, தமிழ் ஆக்களின்ரை வழக்கத்துக்கு இது மாறு. மூண்டாவது வரியிலை கண் போய் நிண்டுது. தாலி கட்டும் பகுதி வீடியோவிலை இல்லை. அலுவலர் ரெண்டு தரம் போட்டுப் பாத்தார், ரெண்டு தரமும் அதே இடத்திலை படம் முறிஞ்சு, கட்டி முடிஞ்ச பிறகுதான் தொடருது. மெசினிலை பிழை எண்டு விண்ணப்பதாரி சொன்னா. மிச்சப் படம் பிழையில்லாமல் ஓடுறதாலை அதை ஏற்க ஏலாது. சடங்கு நடந்ததோ எண்டதிலையே சந்தேகம்.

சிவரூபன் கடிதத்தை மடிச்சான்.

"அவ்வளவுதானோ?" எண்டு தாய் கேட்டா.

"அவ்வளவுதான்."

முன்னுக்கு நிலத்திலை இருந்து உதயகலா பள்ளிப் பிள்ளையளுக்கு நிறத் தாளிலை பூ வெட்டிக்கொண்டிருந்தாள். கத்திரிக்கோலை நிப்பாட்டி ஒருக்கா அவனை நிமிர்ந்து பாத்தாள். அவளுக்கும் இங்கிலீசு வாசிக்கத் தெரியும். பிறகு குனிஞ்சு திரும்ப வெட்டத் தொடங்கினாள். "வயசு கூட எண்டு நான் அண்டைக்கே சொன்னன்" எண்டு பூரணம் தலையிலை கை வைச்சா. "இவளின்ரை செவ்வாய் சும்மா விடுமே."

அடுத்த நாள் சிவரூபன் அதே தட்டின்ரை இன்னொரு பிரதியைக் கொண்டு மகாதேவி அக்கா வீட்டை போனான். கரண்ட் பில் ஏதோ கேக்க வந்த மாதிரிப் போய், "ஒருக்கா இதைப் போட்டுப் பாக்கட்டோ அக்கா?" எண்டான். கெட்டிமேளம் தொடங்கிச்சுது. நிருஷன் தாலியைக் கையிலை எடுத்தான். படம் நிண்டுது. கட்டம் கட்டமா உடைஞ்சுது. பாய்ஞ்சுது. கழுத்திலை தாலி. மூண்டு தரம் போட்டான், மூண்டு தரமும் அப்பிடித்தான்.

"கலா அண்டைக்கே பாத்தவ தம்பி" எண்டா மகாதேவி அக்கா. "'அண்ணையிட்டைச் சொன்னனான், வேறை ஒண்டு செய்து தருவார்' எண்டு சொன்னாவே. தரேல்லையோ?"

அவன் பிளேயரை நிப்பாட்டினான். தட்டை எடுத்துக்கொண்டு வந்திட்டான்.

அண்டைக்கே சி.பி.ஆரிலை ரெண்டு தட்டு எழுதினான். அதே சட்டியிலை தண்ணி மாதிரி ஓடிச்சுது. மேன்முறையீட்டோடை அனுப்பினான். பதில் வர ஒண்டேகால் வருசம். என்ன பதில் எண்டு நினைக்கிறியள்? முதல் குடுத்த வீடியோவிலை இல்லாத பகுதி இப்ப புதுசா வந்திருக்கு, பிறகு எடுத்துச் சேர்த்ததா இருக்கலாம், சந்தேகம் கூடியிருக்கு. சரியாச் செய்தது பிழையாச் செய்ததை விடக் கேடாப் போச்சு. கறுமம், வேறென்ன சொல்ல.

அந்த ஒண்டேகால் வருசமும் உதயகலா என்ன பாடு பட்டாள் எண்டு கேளுங்கோ. மாமிக்காரி போனிலை பூரணத்திட்டைச் சொன்னா: "பிள்ளை உள்ளை போய் என்னவோ மாறிக் கதைச்சுப்போட்டா போலை. இல்லாட்டி ஏன் மறிக்கினம்?" கோயிலிலை, கலியாண வீட்டிலை, பள்ளிக்கு வாற தாய்மாரிட்டை, எல்லா இடமும் அதே கதை. "கதைக்கத் தெரியாமல் கெடுத்தவள்." "ராசியில்லாதவள்." முன்னாலை வந்து, "இன்னும் போகேல்லையோ ரீச்சர்?" எண்டு கேட்டவையும் உண்டு. அவள் "இல்லை" எண்டு மட்டும் சொல்லுவாள். "அண்ணைக்குச் சொன்னனான், கேக்கேல்லை" எண்டு ஒரு வார்த்தை அவளின்ரை வாயிலையிருந்து வரேல்லை. ஏசியிருந்தால் சிவரூபன் தப்பியிருப்பான். அவள் வழமை போலை "அண்ணை, தேத்தண்ணி" எண்டு கொண்டுவந்து வைப்பாள்.

சொல்ல வேணும் எண்டு அவன் நினைக்காத நாள் இல்லை. நாளைக்கு, கோயில் திருவிழா முடிய, மேன்முறையீட்டுப் பதில் வர எண்டு தள்ளிக்கொண்டு போனான். கடை வேறை நல்லா ஓடிச்சுது. நிருஷன் கிழமைக்கு ரெண்டு தரம் போன் எடுத்தவன், மாசத்துக்கு ஒருக்கா ஆக்கி, பிறகு விட்டான். 2015 ஐப்பசியிலை அவன்ரை வக்கீலிட்டையிருந்து கடதாசி வந்துது. விவாகரத்து. தமிழிலும் ஒரு பிரதி வைச்சிருந்தினம். காரணம் எண்ட இடத்திலை ஒரு வரி: "மனைவி கணவனுடன் வந்து வாழத் தவறினார்."

பூரணம் குசினி வாசலிலை குந்தியிருந்து அழுதா. அழுது அழுது கடைசியிலை மகளைப் பாத்துத் தொடங்கினா. "எந்த நேரத்திலை பிறந்தனியோ. கிடைச்ச ஒரு வாழ்க்கையையும் வாயாலை கெடுத்துப்போட்டு வந்து நிக்கிறாய்."

சிவரூபனுக்கு அதுக்கு மேலை பொறுக்கேலாமல் போச்சு. "அம்மா, விடுங்கோ. அவளிலை ஒரு பிழையுமில்லை. நான்தான் கெடுத்தனான்."

எல்லாத்தையும் சொன்னான். அவள் கடைக்கு வந்து சொன்னது, தான் சனத்துக்கு முன்னாலை ஏசினது, கடிதத்திலை மூண்டாவது காரணத்தை வாசிக்காமல் மறைச்சது. சொல்லச் சொல்ல அவனுக்குக் குரல் உடைஞ்சுது, சின்னப் பிள்ளை மாதிரி விம்மினான். பிட்ரேட், சி.பி.ஆர் எண்டு பூரணத்துக்கு ஒண்டும் விளங்கியிராது. விளங்க வேண்டியது விளங்கிச்சுது. சீலைத் தலைப்பாலை முகத்தைத் துடைச்சா. பிறகு எழும்பிப் போய் ஒழுங்கைப் பக்கத்துக் கதவைச் சாத்தினா.

"உதை வேறை ஆருக்கும் சொன்னனியோ?"

"இல்லை அம்மா."

"சொல்லாதை. உன்ரை பொஞ்சாதிக்கும் சொல்லாதை."

"அம்மா, ஊர் இவளை..."

"ஊர் சொல்லுறதை எல்லாம் சொல்லி முடிச்சிட்டுது. இனிப் புதுசாச் சொல்ல ஒண்டுமில்லை. உன்ரை கையாலை வீடியோ போட்டு ஒரு பெட்டையின்ரை விசா போனது எண்டு தெரிஞ்சால் நாளைக்கு ஆர் உன்ரை கடைக்கு வருவினம்? உனக்கும் ஒரு பெண்பிள்ளை வளருது மோனை. எல்லாம் இவளோடை போகட்டும்."

பூரணத்தைக் கெட்ட மனிசியெண்டு நினைச்சுப்போடாதேங்கோ. ரெண்டு பிள்ளையளிலை ஒண்டு ஏற்கெனவே தண்ணியிலை தாண்டு போச்சு எண்டு கண்டவ, மற்றதைப் பிடிச்சுக்கொண்டா. ஆனா அதைச் சொல்லேக்கை அந்த ஒண்டு ஆறடி தள்ளி மேசையிலை இருந்து கேட்டுக்கொண்டிருந்தது.

சிவரூபன் தங்கச்சியைத் திரும்பிப் பாத்தான். அவள் ஒருக்கா வாய் திறந்து, "இல்லை, நான் இனிச் சுமக்கமாட்டன்" எண்டு சொன்னால் போதும், அவன் றோட்டிலை இறங்கி நிண்டு கத்துறதுக்குத் தயாரா இருந்தான். மெய்யாத்தான். அவள் கடதாசியிலை பக்கம் பக்கமாக் கையெழுத்து வைச்சுக்கொண்டிருந்தாள், பிள்ளையளுக்கு எழுதிக் காட்டிற அதே உருண்டை எழுத்திலை.

"அம்மா சொல்லுறது சரி அண்ணை" எண்டாள், தலையை நிமித்தாமல். பிறகு கடைசித் தாளை அவன் பக்கம் தள்ளினாள். "இதிலை ஒரு சாட்சிக் கையெழுத்து வேணுமாம். குடும்பத்திலை ஆரும் வைக்கலாம் எண்டு போட்டிருக்கு."

காரணம் எழுதியிருந்த தாள் அதுதான். மனைவி வரத் தவறினார், மேலே உள்ளது உண்மையென அறிவேன். கீழை கோடு. சிவரூபன் பேனையை வாங்கினான். தாயைப் பாத்தான், தங்கச்சியைப் பாத்தான். ஒருத்தரும் அவனைப் பாக்கேல்லை.

வைச்சான்.

அவள் மை காயுமட்டும் பொறுத்து, தாளுகளை ஒழுங்காக்கி உறைக்குள்ளை வைச்சாள். அடுத்த நாள் காலமை பள்ளிக்குப் போற வழியிலை கோப்பாய்த் தபால் கந்தோரிலை தானே பதிவுத் தபாலிலை போட்டாள்.